புதன்கிழமை மோட்டார்

உலகத்தில் நடக்கப்போகும் பெரிய காரியங்கள் எல்லாம் முதலில் அந்த நிறுவனத்தின் இரண்டாம் மாடியில், கண்ணாடி அறைக்குள் இருந்த ஒரு சாம்பல் நிறப் பெட்டிக்குத் தெரியவரும். பிறகு தலைவருக்குத் தெரியவரும். அதற்குப் பிறகுதான் நடக்கும். பதினோரு வருடங்களாக இந்த வரிசை மாறியதில்லை. வாசலில் மாட்டியிருந்த பலகையில் 'எதுவும் சும்மா நடப்பதில்லை' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது.

வயர்மேனுக்கு அந்தப் பெட்டியை நன்றாகத் தெரியும். தினமும் அதற்குத் தூசி தட்டுகிறவர் அவர்தான். பெட்டிக்கு ஒரே ஒரு வேலை. நொடிக்கு இருநூறு தடவை அது பூவா தலையா போட்டுப் பார்க்கும். பாதிக்குப் பாதி விழுந்தால், பக்கத்தில் நகரும் காகிதத்தில் ஒரு பேனா நேர்கோடு இழுத்துக்கொண்டு போகும். பூ அதிகமாகிவிட்டால் பேனா மேலே ஏறும். அதற்கு 'அசைவு' என்று பெயர். அசைவு வந்தால் மூன்று நாளைக்குள் உலகத்தில் எங்கேயோ என்னவோ நடக்கும். எங்கே, என்ன என்பதைப் பெட்டி சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கப் பொருத்துநர் என்று ஓர் அதிகாரி இருந்தார். பெட்டி அலுவலக நேரத்தில் மட்டும், காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, உலகத்தைக் கவனித்துக்கொள்ளும்.

பொருத்துநர் கடமை தவறாதவர். கத்தரிக்கோலும் பசையுமாக மூன்று நாள் செய்தித்தாள்களோடு உட்காருவார். எங்காவது ஒரு பாலம் இடிந்திருந்தால் பொருத்திவிடுவார். எல்லாப் பாலங்களும் நின்றுகொண்டிருந்தால், ஏதாவது ஒரு நாட்டு ராஜா குளியலறையில் வழுக்கி விழுந்திருப்பார். ராஜாக்களும் ஒழுங்காக நடந்துகொண்ட வாரங்களுக்கென்று, 'நடக்க இருந்து, நம் எச்சரிக்கையால் நடக்காமல் போனவை' என்று ஒரு தனிப் பதிவேடு இருந்தது. அந்தப் பதிவேடுதான் எல்லாவற்றிலும் தடிமன். பொருந்தாத அசைவு என்று ஒன்றுகூட இதுவரை இல்லை.

இந்தச் சாதனையை மெச்சித்தான் அரசாங்கம் உத்தரவு போட்டது. அசைவு வந்த மறுநாள், அரசாங்கக் கட்டடங்களில், செய்த பிறகு திருப்பி எடுக்க முடியாத காரியம் எதையும் செய்யக் கூடாது. தீர்ப்புச் சொல்லக் கூடாது. கல்யாணத்தைப் பதியக் கூடாது. வயிற்றைக் கிழிக்கக் கூடாது.

இந்தக் கடைசி விஷயம்தான் வயர்மேன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவர் மனைவியின் வயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. "பயப்பட ஒண்ணுமில்ல. இந்த மாசத்துக்குள்ள எடுத்துட்டா போதும், அம்மா உங்கள இன்னும் நாப்பது வருஷம் திட்டுவாங்க" என்று டாக்டர் சிரித்தபடி சொல்லியிருந்தார். பெண்கள் வார்டின் ஆப்பரேஷன் நாளை அந்த மாதம்தான் வியாழக்கிழமைக்கு மாற்றியிருந்தார்கள். மூன்று வியாழக்கிழமைகள் அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல், ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு, முதுகுப் பக்கம் முடிச்சுப் போடும் பச்சை அங்கியில் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மூன்று வியாழக்கிழமைகளும் ஒரு நர்ஸ் வந்து, "நேத்து அசைவும்மா. எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாம் முறை திரும்பி வந்த அன்று, அவள் கட்டிலில் சாய்ந்து சடையைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, என் சக்களத்தி அப்படி என்னதான் சொல்றா?"

பெட்டிக்கு அவள் வைத்த பெயர் அது. பகல் முழுக்கப் புருஷனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது என்பாள்.

"பேனா மேல ஏறிடுச்சு. நான் என்ன பண்றது?"

"தினம் தொடச்சு விடறீங்கல்ல, அந்தப் பாசத்துக்காவது ஒரு புதன்கிழமை சும்மா இருக்கச் சொல்லக் கூடாதா? என்னைத்தான் ஒரு நாளும் தொடச்சு விட்டதில்ல."

"உன்னத் தொடைக்கப் போனா துணிய நீயே பிடுங்கிக்குவ."

அவள் சிரித்தாள். சிரிப்பின் பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த மகள், கஞ்சிக் கிண்ணத்தோடு வாசற்படியில் நின்றபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்ப்பா" என்றாள், "உலகத்துல கெட்டது நடக்கணும்னா எல்லாப் புதன்கிழமையுமா நடக்கும்? ஒரு செவ்வாய்க்கிழமைகூடக் கிடைக்காதா அதுக்கு?"

வயர்மேன் கஞ்சிக் கிண்ணத்தை வாங்கி மனைவியிடம் கொடுத்தார். ஆனால் அந்தக் கேள்வி அவர் கூடவே பஸ் ஏறி நிறுவனத்துக்கு வந்துவிட்டது.

புதன்கிழமை என்றால் கமிட்டி கூடும் நாள். உறுப்பினர்கள் பதினான்கு பேர். பதினொரு மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டரைக்குள் மூன்று சுற்று தேநீர் போகும். அடுத்த புதன்கிழமை வயர்மேன் கண்ணாடி அறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, பல்பு மாற்றுகிற மாதிரி ஏறி நின்றுகொண்டார். பன்னிரண்டரைக்கு உறுப்பினர்கள் எழுந்தார்கள். பதினான்கு பேரும் கழிவறை வாசலில் வரிசை கட்டினார்கள். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. காவலாளி காலையிலேயே நிரப்பி வைக்கும் மாடித் தொட்டி மற்ற நாட்களில் சாயங்காலம் வரை தாங்கும். இன்று பன்னிரண்டே முக்காலுக்கே அடி தட்டியது. கீழே மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது. தலைக்கு மேலே பல்பு ஒரு கணம் மங்கிச் சிணுங்கியது. கண்ணாடிக்குள் பேனா மெல்ல மேலே ஏறியது.

வயர்மேன் ஸ்டூலிலிருந்து இறங்கினார். பெட்டிக்கும் மோட்டாருக்கும் ஒரே லைன். அதைப் பிரித்துப் போட வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அந்த மனுவுக்குக் கமிட்டி புதன்கிழமை ஒப்புதல் தர வேண்டும். புதன்கிழமை அசைவு வந்துவிடும். அசைவு வந்தால் மறுநாள் கட்டடத்தில் கை வைக்கக் கூடாது. வியாழன் தாண்டினால் ஒப்புதல் காலாவதி. மனு இன்னும் உயிரோடுதான் இருந்தது.

தலைவர் அறையில் பொருத்துநரும் இருந்தார். வயர்மேன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். தலைவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர். யாரையும் 'நீ' என்று சொல்லாதவர்.

"அதாவது, மோட்டார் ஓடறதால பேனா ஏறுதுன்னு சொல்றீங்க."

"ஆமா சார்."

"மோட்டார யார் போட்டது?"

"யாரும் போடல சார். தொட்டி காலியானா தானா ஓடும்."

"தானா." தலைவர் பொருத்துநரைப் பார்த்தார். பொருத்துநர் குறித்துக்கொண்டார். "சரி, தொட்டி ஏன் காலியாச்சு?"

வயர்மேன் கொஞ்சம் தயங்கினார். "நீங்க எல்லாரும் பாத்ரூம் போனீங்க சார்."

"எல்லாரும்."

"ஆமா சார்."

"பதினாலு பேர். பதினாலு வேற வேற வீட்டுலேர்ந்து வந்தவங்க. வேற வேற வயசு. ஒருத்தருக்குச் சர்க்கரை, ஒருத்தருக்கு இல்ல. இந்தப் பதினாலு பேருக்கும் ஒரே நிமிஷத்துல எப்படிங்க வந்தது?"

"மூணு டீ குடிச்சீங்க சார்."

தலைவர் எழுந்துவிட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "நாம பெட்டிதான் உணருதுன்னு நெனச்சுட்டிருந்தோம். இல்ல. உலகத்துக்கு வரப்போற ஆபத்து முதல்ல நம்ம உடம்புக்குத் தெரியுது. அடிவயித்துக்குத் தெரியுது. அங்கிருந்து தொட்டிக்கு, தொட்டியிலேர்ந்து மோட்டாருக்கு, அப்புறம்தான் பெட்டிக்கு. பதினோரு வருஷம் இத யாரும் கவனிக்கல. கண்டுபிடிச்சது நீங்க."

"சார், நான் சொல்ல வந்தது அது இல்ல. லைன் மட்டும் பிரிச்சா..."

"பிரிக்கறதா? இனிமேலா?"

அன்று மாலையே கழிவறை வாசலில் ஒரு சிறு மேஜை போடப்பட்டது. உறுப்பினர்களுக்கு எப்போது உணர்வு வந்தது, முதலில் லேசாக வந்ததா அல்லது திடீரென்று வந்ததா, அந்த நேரத்தில் மனதில் எந்த நாடு தோன்றியது என்று எழுத ஒரு பதிவேடு. எழுதிக்கொள்ளும் பொறுப்பு, கண்டுபிடித்தவருக்கே தரப்பட்டது.

நான்காவது வியாழக்கிழமையும் நர்ஸ் வந்து அதையே சொன்னாள். வயர்மேன் டாக்டரின் பின்னாலேயே வராந்தா முழுக்க நடந்தார்.

"வேற நாள் வைக்க முடியாதா சார்?"

"வெள்ளிக்கிழமை எலும்பு. சனிக்கிழமை கண்ணு. நான் எப்படிங்க மாத்தறது? அவசரக் கேஸ்னா எந்த நாளும் செய்யலாம்."

"அப்ப அவசரம்னு எழுதிடுங்க சார்."

"கட்டி வெடிச்சாத்தான் அவசரம். வெடிக்கட்டும், உடனே எழுதறேன்" என்றார் டாக்டர். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அந்த வாரம்தான் வயர்மேன் முடிவெடுத்தார். செவ்வாய்க்கிழமை ஐந்து மணி அடித்து, பெட்டி உலகத்தை விட்டு ஓய்ந்ததும், மோட்டாரைப் போட்டுத் தொட்டியை வழிய நிரப்பினார். பிறகு கழிவறையில் இருந்த வாளி, டிரம், தோட்டத்துப் பூவாளி வரை ஒன்று விடாமல் நிரப்பி வைத்தார். புதன்கிழமை காலை மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்கு மேலே கைக்குட்டையை வைத்தார்.

மூன்று தேநீர் போயிற்று. பதினான்கு பேரும் போய் வந்தார்கள். வயர்மேன் ஒவ்வொருவரையும், "லேசாவா சார், திடீர்னா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். கண் மட்டும் கண்ணாடி அறைப் பக்கமே இருந்தது. பேனா ஏறவில்லை. ஒரு மணி. ஒன்றரை. காகிதத்தில் கோடு, வகிடு எடுத்த மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது.

அவர் படியில் இறங்கி ஓடிப்போய் மகளுக்கு போன் செய்தார். "நாளைக்கு நடந்துடும்மா. அம்மாவுக்கு ரெட்டைச் சடை போட்டுவிடு. ரப்பர் பேண்ட் இறுக்கிப் போடாத, தலை வலிக்கும்பா."

மேலே திரும்பி வந்தபோது கமிட்டி மொத்தமும் கண்ணாடியைச் சுற்றி நின்றிருந்தது. ஓர் உறுப்பினர் உட்கார்ந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு வருஷம்" என்றார் தலைவர். "நாம கூடின ஒரு புதன்கிழமைகூட உலகம் நம்மளக் கவனிக்காம இருந்ததில்ல. இன்னிக்கு ஒண்ணுமே இல்ல. ஒரு சின்ன நடுக்கம்கூட இல்ல. இது சாதாரணமா எனக்குத் தோணல. இதுக்கு முன்னாடி வந்த எல்லா அசைவையும்விட இது பெரிசு. இதுக்கு 'மாமௌனம்'னு பேர் வைக்கிறேன். மூணு நாளைக்கு எங்கேயும் எதுவும் நடக்கக் கூடாது. அவசரம்னு சொல்லியும் நடக்கக் கூடாது."

வயர்மேன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். பையிலிருந்து ஃபியூஸை எடுத்து நீட்டினார்.

"சார், நான்தான் எடுத்தேன். வேற ஒண்ணும் இல்ல சார். இது நான் பண்ணின வேலை."

தலைவர் அதைக் கையில் வாங்கவில்லை. குனிந்து பார்த்தார். "எடுக்கணும்னு எப்பத் தோணுச்சு?"

"போன வியாழக்கிழமை சார்."

கமிட்டிக்குள் ஒரு பெருமூச்சு ஓடியது.

"ஆறு நாள் முன்னாடியே" என்றார் தலைவர் மெதுவாக. "பெட்டிக்கு இன்னிக்குத் தெரிஞ்சது இவர் கைக்கு ஆறு நாள் முன்னாடி தெரிஞ்சிருக்கு."

"ஐயோ சார், கைக்கு ஒண்ணும் தெரியல. ஃபியூஸ் இல்லன்னா மோட்டார் ஓடாது, அவ்வளவுதான். நிரூபிச்சுக் காட்டறேன், பாருங்க." அவர் கீழே ஓடினார். ஃபியூஸைச் சொருகி, தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டார். மோட்டார் உறுமியது. மேலே அவர் மூச்சு வாங்க வந்து நிற்கவும் பேனா ஏறவும் சரியாக இருந்தது. "பாத்தீங்களா சார்? பாத்தீங்களா?"

பார்த்தார்கள். மௌனத்துக்குப் பின்னாலேயே அசைவு. இரண்டும் ஒரே நாளில். வரலாற்றில் முதல் தடவை. மூன்று நாளை ஐந்து நாளாக நீட்டும் தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. தட்டாதிருந்த கைகள் வயர்மேனுடையவை மட்டும்தான்.

சனிக்கிழமை மத்தியானம் கட்டி வெடித்தது.

டாக்டர் சொன்ன சொல் தவறவில்லை. உடனே அவசரம் என்று எழுதினார், சிவப்பு மையில். எழுதிவிட்டுக் கையை அங்கியின் பைகளுக்குள் விட்டுக்கொண்டார். "திங்கக்கிழமை காலைல முதல் கேஸ் இவங்கதான்" என்றார்.

ஆப்பரேஷன் அறைக் கதவில் காகித முத்திரை ஒட்டியிருந்தது. அதற்கு நேர் எதிரில் இருந்த கட்டிலில் அவள் படுத்திருந்தாள். மகள் போட்டுவிட்ட ரெட்டைச் சடை புதன்கிழமையிலிருந்து அப்படியே இருந்தது. வயர்மேன் ஈரத்துணியால் அவள் நெற்றியைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், விரல் இடுக்குகளைத் துடைத்தார். அவள் துணியைப் பிடுங்கிக்கொள்ளவில்லை.

"ஏங்க."

"சொல்லு."

"அன்னிக்கு அவ கோட்ட நேராத்தானே போட்டா?"

"நேராத்தான் போட்டா."

"அப்புறம் ஏங்க?"

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவர் ஏதாவது ஒரு பதிலைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். சில பதில்களுக்குத் திட்டும் வாங்கியிருந்தார். இதற்கு மட்டும் கிடைக்கவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் போய்விட்டாள்.

ஐந்து நாள் எதுவும் நடக்கவில்லை. அச்சகங்களும் மூடியிருந்ததால் செய்தித்தாள்கூட வரவில்லை. பொருத்துநர் வெறும் மேஜையின் முன்னால் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து இளைத்துப்போனார். மாமௌனம் பொருந்தாமல் போய்விடுமோ என்று தலைவர் சாப்பிடவில்லை என்று சொன்னார்கள். கடைசியில், தபால் தட்டைக் கிளறிக்கொண்டிருந்தபோது பொருத்துநரின் கையில் ஒரு விடுப்புக் கடிதம் கிடைத்தது. 'என் மனைவி சனிக்கிழமை இறந்துவிட்டதால்' என்று அது ஆரம்பித்தது.

புதன்கிழமை கமிட்டி எழுந்து நின்று இரண்டு நிமிடம் அஞ்சலி செலுத்தியது. பிறகு தலைவர் பேசினார்.

"இத்தன வருஷம் நாம தூரதேசத்துப் பாலங்களப் பொருத்தினோம். ராஜாக்களப் பொருத்தினோம். 'உங்களுக்குச் சம்பந்தமில்லாதத எல்லாம் சேத்து ஒட்டறீங்க'ன்னு நம்மளக் கேலி பண்ணினாங்க. இன்னிக்கு அவங்க வாய் அடைஞ்சு போச்சு. ஃபியூஸ எடுத்தது இவர் கை. செத்துப்போனது இவர் சம்சாரம். இதவிட நெருக்கமான பொருத்தம் உலகத்துல எந்த நிறுவனத்துக்காவது கிடைச்சிருக்கா? அந்த அம்மா மட்டும் ஆப்பரேஷன் பண்ணிப் பொழச்சிருந்தா, யோசிச்சுப் பாருங்க, பதினோரு வருஷ உழைப்பு என்ன ஆகியிருக்கும்?"

எல்லோரும் யோசித்துப் பார்த்து நடுங்கினார்கள். வயர்மேனுக்குச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்று தரப்பட்டது. அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் கலைந்ததும் பொருத்துநர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். தன் கையாலேயே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"கஷ்டமான நேரம், புரியுது. ஒரே ஒரு விவரம் மட்டும் கேட்டுக்கறேன். அன்னிக்கு ரெண்டு வந்தது இல்லையா? மாமௌனம் ஒண்ணு. அப்புறம் நீங்க ஓடிப்போய் ஃபியூஸச் சொருகினப்ப வந்த அசைவு ஒண்ணு. மௌனம் பொருந்திடுச்சு. அசைவு இன்னும் நிக்குது." அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். "உங்க சர்வீஸ் புத்தகத்துல 'பிள்ளைகள்'னு இருக்கற கட்டத்துல மை கொட்டியிருக்கு. வீட்டுல வேற யாரெல்லாம் இருக்காங்க?"

வயர்மேன் தம்ளரைக் கீழே வைத்தார். தண்ணீர் சிந்தாமல் வைத்தார்.

"யாரும் இல்ல சார்."

"யாருமே இல்லையா?"

"நாங்க ரெண்டே பேர்தான் சார். இப்ப நான் மட்டும்."

பொருத்துநர் ஏமாற்றத்தோடு மூடியை மாட்டினார்.

அன்று மத்தியானம் மகளோடு இறப்புச் சான்றிதழ் வாங்கப் போக வேண்டியிருந்தது. அது வயர்மேனுக்கு ஞாபகம் வந்தபோது அவர் வாசலுக்கு வந்துவிட்டிருந்தார். பலகைக்கு அடியில், அம்மாவின் கைப்பையை மாட்டிக்கொண்டு மகள் நின்றிருந்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். இரண்டாம் மாடிச் சன்னலில் பொருத்துநர் நின்று காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா!"

அவர் நடையை நிறுத்தவில்லை. அவள் எதிரே வந்து நின்றாள். அழுது வீங்கிய முகம். "எவ்வளவு நேரமா நிக்கிறேன். ஏம்ப்பா இவ்வளவு நேரம்?"

"யாரும்மா நீங்க?" என்றார் வயர்மேன். சன்னல் வரை கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். "ஆள் மாறிக் கூப்பிடறீங்க. வழிய விடுங்கம்மா."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். அவர் அவளைத் தாண்டிப் போனார். தெரு முனையைத் திரும்பி, மருந்துக்கடைச் சுவரின் மறைவுக்கு வந்த பிறகுதான் நின்றார். அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அவர் சட்டைக் கையின் நுனியை, சின்ன வயதில் ரோடு தாண்டும்போது பிடிப்பதுபோல், பிடித்துக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை பொருத்துநரின் முகம் தெளிந்திருந்தது. பதிவேட்டைக் கமிட்டி அறைக்குக் கொண்டுபோய் வைக்கச் சொல்லி வயர்மேனிடமே கொடுத்தார். மை காயட்டும் என்று பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தார்.

'நிலுவையில் உள்ள அசைவு தொடர்பாக: மனைவியை இழந்த, பிள்ளைகள் இல்லாத நம் ஊழியரை, முன்பின் அறியாத பெண் ஒருவர் நடுத்தெருவில் அப்பா என்று அழைத்தார். தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. வயது சுமார் இருபது. பழுப்பு நிறக் கைப்பை. யார் என்று கண்டுபிடித்துத் தொடர்ந்து கவனிக்கவும்.'

பன்னிரண்டரைக்கு உறுப்பினர்கள் எழுந்தார்கள். வயர்மேன் கழிவறை வாசல் மேஜையில் மற்றப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். "திடீர்னுதான்" என்றார் முதலாவதாக வந்தவர். வயர்மேன் எழுதிக்கொண்டார். கீழே மோட்டார் ஓடத் தொடங்கியது.